ஆவிரையும் பூளையும்: காட்டுச்செடிக் குடிநீர் பற்றிய ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

விதைப்பாரின்றித் தானே முளைத்து வளரும் செடிகளின் இலையையும் பூவையும் பறித்து உலர்த்தி, வெந்நீரிலிட்டுப் பருகும் வழக்கம் இந்நாளில் 'மூலிகைத் தேநீர்' என்னும் பெயரால் பரவி வருகின்றது. அத்தகைய செடிகளுள் ஆவாரை சிறப்பிடம் பெற்றுள்ளது. அதனைப் போற்றுவோருட் சிலர், சங்ககாலத் தமிழர் நாள்தோறும் அருந்திய பானம் இது என்று கூறவும் தயங்குவதில்லை. இக்கூற்றுக்குச் சான்று உண்டா, உண்டெனின் அஃது எவ்வகைத்து என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆவிரையோடு பூளையையும் சேர்த்து நோக்குகின்றோம். இலக்கியத்திலும் மக்கள் வழக்கிலும் இவ்விரண்டும் இணைந்தே வருதலின், ஒன்றன் வரலாறு மற்றொன்றின் வரலாற்றை விளக்கும்.

செடிகளும் பெயர்களும்

ஆவிரை என்பதே பழைய வடிவம். ஆவாரை, ஆவரை, ஆவாரம் என்பன பிற்கால வழக்குகள். 1753-இல் லின்னேயசு இதற்குக் 'காசியா ஆரிக்குலேட்டா' என்று பெயரிட்டார். இலைக்காம்பின் அடியிலுள்ள செதில்கள் காது போன்றிருத்தல் பற்றி அப்பெயர் அமைந்தது. இக்காலத் தாவர நூலார் இதனைச் 'சென்னா' என்னும் பேரினத்தில் வைப்பர். வறண்ட நிலத்திலும் தரிசிலும் வழியோரங்களிலும் பொன்னிறப் பூக்களோடு நிற்கும் இச்செடியின் பட்டை, தோல் பதனிடுவோர்க்கு நெடுங்காலம் பயன்பட்டது.

பூளை, சிறுபூளை எனவும் பெரும்பூளை எனவும் இருவகைப்படும். சிறுபூளையே சிறுபீளை, சிறுகண்பீளை, பொங்கற்பூ என இன்று வழங்குவது. இதன் பூங்கதிர் வெண்பஞ்சு போர்த்தது போல் தோன்றும். 'ஏர்வா லனாட்டா' என்னும் தாவரவியற் பெயரின் இரண்டாஞ் சொல்லும் கம்பளிமயிர் போன்ற அத்தன்மையையே குறிக்கின்றது.

சங்கநூற் சான்று

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் பூக்களுள் ஆவிரையும் குரீஇப்பூளையும் அடுத்தடுத்த அடிகளில் இடம்பெறுகின்றன. குரீஇப்பூளை என்பதற்குச் சிறுபூளை என்று பொருள் கொள்வர். குறுந்தொகை 173-ஆம் பாடலில் மடலேறத் துணிந்த தலைவன் ஆவிரைப் பூவை மாலையாகக் கட்டுகின்றான். கலித்தொகை 138-ஆம் பாடலிலோ பூளை, ஆவிரை, எருக்கு ஆகிய மூன்றும் மடலேறுவோன் கொள்ளும் பூக்களாக ஒருங்கே கூறப்படுகின்றன. மாந்தர் விரும்பிச் சூடும் பூக்களை விடுத்து, காட்டிலும் வெளியிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் பூக்களைத் தலைவன் கொள்ளுதல், நாணைத் துறந்த அவன் நிலையை ஊரார்க்கு உணர்த்தும் குறியாகும்.

ஆக, இவ்விடங்களில் ஆவிரையும் பூளையும் காணப்படும் பூக்கள், கட்டப்படும் பூக்கள், பருகப்படும் பொருள்கள் அல்ல. சங்கநூல்கள் பருகுவனவாகச் சுட்டுவன கள், நறவு, தேறல், தோப்பி, பால், இளநீர் முதலியன. விருந்தோம்பலை விரித்துரைக்கும் ஆற்றுப்படை நூல்களும் இவ்வகையினவற்றையே பேசுகின்றன. பாட்டில் இல்லாமையினாலேயே வழக்கிலும் இல்லை என்று துணிதல் இயலாது. எனினும், பூவின் பெயர் காணப்படும் இடத்தைப் பானத்திற்குச் சான்றாகக் காட்டுதல் ஆராய்ச்சி நெறி ஆகாது.

இவ்விணைப்பு நூலோடு நின்றுவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கொங்குநாட்டில் பொங்கலுக்கு முன்னாளில் வீட்டு இறப்பிலும் தொழுவத்திலும் வயலிலும் காப்புக் கட்டுவர். அக்காப்பில் வேப்பிலையோடு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்கின்றன. மடலேறுவோன் கொண்ட இரண்டு பூக்களும் இங்கு மனையைக் காக்கும் பூக்களாக நிற்கின்றன. பொருள் வேறுபட்டது, ஆனால் சேர்க்கை நிலைத்தது.

மருத்துவ நூற் சான்று

செடியை நீரிலிட்டுக் காய்ச்சிப் பருகும் முறையைத் தெளிவாக அறிய நாம் சித்த மருத்துவத்தையே நாடவேண்டும். அம்மருத்துவம் அகமருந்துகளை முப்பத்திரண்டாக வகுக்கும். அவற்றுள் ஒன்று குடிநீர். சுரசம், சாறு, குடிநீர், கற்கம், உட்களி, அடை என்பன ஒரு சாமம், அஃதாவது 3 மணி நேரமே ஆற்றலோடு நிற்கும் என்பது அந்நூற் கொள்கை. நாலொன்றாகவும் எட்டொன்றாகவும் வற்றக் காய்ச்சுதல் என்னும் அளவுகளும் உண்டு. எனவே குடிநீர் என்பது அளவும் காலமும் நோயும் நோக்கி அவ்வப்போது ஆக்கப்படுவது.

தேரையர் பெயரால் வழங்கும் ஆவாரைக் குடிநீர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நீரிழிவுக்குரிய அதனுள் ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரை, மருது என ஏழு சரக்குகள் சேரும். இவற்றுட் கோஷ்டம் இமயமலைப் பகுதியில் விளைந்து வணிகத்தால் தெற்கே வந்த வேர். ஆவாரையை ஊர்ப்புறத்தில் பறித்துக்கொள்ளலாம். கோஷ்டத்தைக் கடையிலேதான் பெறவேண்டும். ஆகவே மருத்துவன் வகுத்த குடிநீரும், வீட்டுப் பெண்டிர் வேலியோரத்துப் பூவைப் பறித்துக் காய்ச்சித் தரும் நீரும் ஒன்றல்ல. முன்னது நூலிற் பதிவாயிற்று. பின்னது வாய்மொழியாகவே வழங்கி வந்தது. சிறுபூளையும் கல்லடைப்பு, நீர்க்கட்டு ஆகியவற்றிற்குரிய குடிநீராகக் கூறப்படுகின்றது.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி பற்றிய ஓர் எச்சரிக்கை வேண்டும். குடிநீர் என்னும் சொல் பருகுதற்குரிய நீர், மருந்து காய்ச்சிய நீர் என இருபொருள் தரும். பழைய நூலொன்றில் அச்சொல் வருமிடத்தெல்லாம் மூலிகைப் பானம் என்று கொள்ளுதல் பிழையாகும். மேலும், இன்று கிடைக்கும் சித்த மருத்துவப் பாடல்களிற் பெரும்பாலன, நடையும் சொல்லும் நோக்க, சங்ககாலத்திற்கு மிகப் பிற்பட்டன. அவற்றின் சான்றை முற்காலத்திற்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

இலங்கைச் சான்று

மருந்தாக இருந்தது பானமாக மாறிய நிலையை இலங்கையிற் காண்கின்றோம். அங்குச் சிங்களவர் ஆவிரையை 'ரணவரா' என்றும் சிறுபூளையைப் 'பொல்பலா' என்றும் வழங்குவர். உலர்ந்த ரணவராப் பூவையும் பொல்பலாச் செடியையும் நீரிற் கொதிக்கவிட்டு, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பருகுவது அங்குப் பரவலான பழக்கம். நோயாளிக்கு மட்டுமன்றி நலமுடையார்க்கும், வந்த விருந்தினர்க்கும் அது தரப்படுகின்றது. சங்கப் பாடலில் இணைந்து நின்ற இரண்டு செடிகளும் அத்தீவில் பருகுநீர்ச் செடிகளாக நிற்றல் நம் கவனத்திற்குரியது.

ஆவிரைக்கு ஐரோப்பியர் எழுதிய நூல்களில் 'மாத்தறைத் தேயிலை' என்றொரு பெயர் காணப்படுகின்றது. இலங்கையின் தென்கரையிலுள்ள மாத்தறையால் பெற்ற பெயர் இது. அயலார் தாம் கண்ட பானத்தைத் தமக்குப் பழகிய தேயிலையைக் கொண்டு அளந்தனர் என்பது இதனாற் புலனாகும். 'தே' என்பது தென்சீனக் கடற்கரை மக்களின் சொல். ஒல்லாந்தர் வணிகத்தால் அது மேலைநாடுகளிற் பரவியது. தமிழ் அதனோடு இலை, நீர் என்னும் தன் சொற்களைச் சேர்த்துத் தேயிலை, தேநீர் என ஆக்கிக்கொண்டது. 1867-இல் சேம்சு தெய்லர் லூல்கந்துரையில் வணிகத்திற்கெனத் தேயிலை பயிரிட்டார். அதன்பின் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர் உழைப்பால் மலைநாடெங்கும் தேயிலை பரவியது. அதன் பெயரே பிற பருகுநீர்களுக்கும் பொதுப்பெயராயிற்று. 'மூலிகைத் தேநீர்' என்னும் தொடரில் தேயிலை சிறிதும் இல்லை. அதன் செல்வாக்கு மட்டுமே உண்டு.

பெயர் மாற்றமும் பொருள் மாற்றமும்

குடிநீர் தேநீரானது வெறும் பெயர் மாற்றம் அன்று. குடிநீருக்கு 3 மணி நேர வாழ்வு; உறையிலிட்ட உலர்பூவுக்குத் திங்கள் பல. குடிநீருக்கு நோயும் அளவும் உண்டு. தேநீருக்கு விருப்பமே அளவு. இவ்வேறுபாடு உடல்நலத்தையும் தொடுவதாகும். இலங்கை மருந்துச் செடிகளை ஆராய்ந்து 1981-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஈரலுக்குத் தீங்கு செய்யவல்ல ஒருவகை வேதிப்பொருள் ஆவிரையிலும் உள்ளதெனக் காட்டியது. ஆவிரை நஞ்சு என்று இதனால் முடிவு கட்டிவிட இயலாது. ஆனால், முன்னோர் நாள்தோறும் பருகினர் என்னும் சான்றற்ற கூற்றை நம்பி ஒருவர் அதனை அளவின்றிப் பருகுவாராயின், வரலாற்றுப் பிழை உடற்பிழையாகவும் முடியக்கூடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று நிலைகள் பெறப்படுகின்றன. சங்கநூல்களில் ஆவிரையும் பூளையும் பூக்கள். மருத்துவ நூல்களில் அவை மருந்துகள். இலங்கை வழக்கிலும் இக்காலத் தமிழ்நாட்டு வணிகத்திலும் அவை பானங்கள். இம்மூன்றையும் ஒன்றாக்கி ஈராயிரம் ஆண்டுப் பழமை கூறுதல், ஒவ்வொரு காலமும் இச்செடிகளை எவ்வாறு கண்டது என்னும் உண்மையான வரலாற்றை மறைத்துவிடும். பழமை கூறினாலன்றிப் பெருமை இல்லை என்பார்க்கு, மடலேறுவோன் மாலையும் கொங்குநாட்டுக் காப்புமே போதிய பெருமை.

இனிச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தரிசும் புறம்போக்கும் சுருங்கி வருகின்றன. அவற்றோடு, எச்செடியை எப்பருவத்தில் பறிப்பது, எவ்வளவு காய்ச்சுவது, யாருக்குத் தரலாகாது என்றறிந்த முதியோரின் சொற்களும் மறைகின்றன. நூலில் ஏறாத அவ்வறிவை வட்டாரந்தோறும் சென்று தொகுத்தல் தமிழ் ஆராய்ச்சி மாணவர்க்குரிய கடமை. வீட்டுக் குடிநீரின் வரலாறு அத்தொகுப்பிலிருந்தே எழுதப்பெறல் வேண்டும் என்பது நம் முடிபு.