ஃபெர்மாவின் தீர்ப்பும் 641-இன் அப்பீலும்

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களுக்கு 4294967295 நல்லாத் தெரிஞ்ச எண். 32 பிட்டுக்குள்ள அடங்குற மிகப்பெரிய முழு எண் அது. அதோட 2 கூட்டினா வர்ற 4294967297 பத்தித்தான் இந்தப் பதிவு. 32 பிட்டுல இதைத் திணிச்சா வெறும் 1 தான் மிஞ்சும். ஆனா கணித வரலாற்றுல ஒரு மேதையோட கணிப்பைக் கவிழ்த்த எண் இது. (கணக்கான்னு ஓடிடாதீங்க மக்களே, பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சாப் போதும்!)

ஃபெர்மாவுக்கு பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் உத்தியோகம். கணிதம் பொழுதுபோக்குதான், நமக்கு வலைப்பதிவு மாதிரி. 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோட 1 கூட்டிப் பார்த்தார். 3, 5, 17, 257, 65537. அஞ்சுமே பகா எண்கள். அடுக்கை இப்படியே இரட்டிச்சுக்கிட்டே போனா வர்றதெல்லாம் பகா எண்தான்னு 1640-ல் ஃப்ரெனிக்கிள் என்ற கணித ஆர்வலருக்கு எழுதினார். முழு நிரூபணம் கைவசம் இல்லைன்னும் ஒத்துக்கிட்டார். ஆனா நம்பிக்கை மட்டும் குறையலை.

வரிசையில் ஆறாவது, அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கோட 1 கூட்டினது, நம்ம 4294967297.

1729-ல் கோல்ட்பாக் இந்த விஷயத்தை ஒரு கடிதத்தின் பின்குறிப்பா ஆய்லர்கிட்ட கேட்டார். ஆய்லருக்கு அப்ப வயசு 22. 1732-ல் பதில் வந்தது: 641 × 6700417. தீர்ப்பு ரத்து!

அந்த 641 எப்படிக் கிடைச்சது? ஆய்லர் பின்னாடி விளக்கினார். இந்த எண்ணை வகுக்கிற எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தா மீதி 1 வந்தே ஆகணும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... அஞ்சாவது வகுத்தலிலேயே ஆள் காலி.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, இந்த விதி ஃபெர்மாவோட சொந்தத் தேற்றத்திலிருந்தே வந்துடும். ஒரு பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணைவிட ஒண்ணு குறைவான அடுக்குக்கு உயர்த்தி 1 கழிச்சா, அது அந்தப் பகா எண்ணால் மீதியில்லாம வகுபடும். இதையும் அவர் அதே 1640-ல், அதே ஃப்ரெனிக்கிளுக்குத்தான் எழுதினார். ஆயுதம் அவர் வீட்டுப் பரணிலேயே இருந்தது. அஞ்சு டெஸ்ட் கேஸ் பாஸ் ஆன தெம்புல ரிலீஸ் பண்ணிட்டார்.

கதை இதோட முடியலை. ஆறாவதிலிருந்து முப்பத்து மூணாவது வரைக்கும் 28 எண்களும் பகு எண்கள்னு உறுதியாயிடுச்சு. அதுக்கு அடுத்தது சுமார் 258 கோடி இலக்கங்கள் கொண்ட ராட்சசன். அவன் பகா எண்ணா இல்லையான்னு இதுவரை யாரும் தீர்க்கலை. அந்த முதல் அஞ்சுக்கு மேல இந்த வரிசையில் பகா எண்ணே கிடையாதுன்னுதான் இப்ப பலரும் நம்புறாங்க.

நிரூபணம்? இல்லை.

அவர்கிட்ட அஞ்சு உதாரணம் இருந்தது, நம்மகிட்ட 28 இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். நீங்க என்ன சொல்றீங்க?