எழுபது வீதம் அடைப்பு எண்டால் என்ன?

எங்கட தோட்டவெளிப் பக்கம் அஞ்சியோகிராம் செய்துபோட்டு வாற பெரியாக்கள் முதலில் சொல்வது ஒரு இலக்கம்தான்: "எழுபது வீதம் அடைப்பாம், தம்பி." அந்த எழுபதை எதை வைத்து அளந்தவை எண்டு நாங்கள் கேட்பதில்லை.

இதயத்தின் முடியுரு நாடிகளைப் படம்பிடிப்பது 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் கையில், தற்செயலாகத்தான் தொடங்கியது. அந்தப் படத்தில் நாடியின் சுவர் தெரியாது. உள்ளே ஓடும் சாயத்தின் நிழல்தான் தெரியும். நிழல் ஒடுங்கிய இடத்தைப் பக்கத்து "நல்ல" இடத்தோடு ஒப்பிட்டு, பெரும்பாலும் கண்மட்டத்தில், வீதம் சொல்வார்கள். 1976இல் அனுபவமுள்ள நான்கு வைத்தியர்களிடம் ஒரே 20 பேரின் படங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பல இடங்களில் நால்வரும் ஒத்துப்போகவில்லை.

இதைவிடப் பெரிய அடி 1987இல் விழுந்தது. சீமோர் கிளாகோவும் கூட்டாளிகளும் இறந்தவர்களின் 136 இதயங்களை வெட்டிப் பார்த்தார்கள். சுவரில் கொழுப்பு படியப் படிய நாடி வெளிப்பக்கமாகப் பருத்து இடம் கொடுக்கிறது. படிவு ஏறத்தாழ 40 வீதத்தைத் தாண்டிய பிறகுதான் உள்வழி ஒடுங்குகிறது. அப்படியெண்டால் அந்த "நல்ல" இடமே நோயுள்ள இடமாக இருக்கலாம்! 1986இல் சென்னையில் மத்தியூ சாமுவேல் களரிக்கல் இந்தியாவின் முதல் பலூன் சிகிச்சையைச் செய்தபோதும் கையில் இருந்தது நிழல்படம்தான்.

சுவரைப் பார்க்க ஒலி வேண்டியிருந்தது. கடலில் ஆழம் பார்க்கிற அதே எதிரொலி வித்தைதான். 1953இல் சுவீடனில் எட்லரும் ஹெர்ட்சும் இதயத்தைக் கழியொலியால் (அதுதான் அல்ட்ராசவுண்ட்) பார்க்கக் கருவியைக் கடன் வாங்கியதே ஒரு கப்பல் கட்டும் தளத்திலிருந்து. 1970களின் தொடக்கத்தில் ரொட்டர்டாமில் நிக்கோலாஸ் பொம் அந்த ஒலியை ஒரு மெல்லிய குழாயின் நுனிக்கே கொண்டுபோனார். 1980களில் போல் யொக் போன்றவர்கள் அதை நாடிக்குள் நுழைகிற அளவுக்குச் சிறுப்பித்தார்கள். இப்போது நாடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல, சுவரும் படிவும் சேர்ந்து தெரிந்தன.

பயன் உடனே தெரிந்தது. நிழல்படத்தில் அழகாகத் தெரிந்த ஸ்டென்ட்கள் பல, உள்ளே சரியாக விரியாமலே கிடந்தன. அவற்றை முழுதாக விரித்தால் நோயாளிக்கு வார்ஃபரின் தேவையில்லை எண்டு 1995இல் அன்ரோனியோ கொலம்போ குழு காட்டியது.

ஆனால் இந்தப் படமும் பொய் சொல்லும். கல்சியம் படிந்த இடத்தை ஒலி தாண்டாது, பின்னால் வெறும் இருட்டு. குழாய் சரிந்து கிடந்தால் வட்டம் நீள்வட்டமாகும், பரப்பளவு கூடக் காட்டும். சுழலும் நுனி வளைவில் சிக்கினால் படம் இழுபடும். உள்வழி 4 சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சிகிச்சை வேணும் எண்ட பழைய கணக்கும் நிலைக்கவில்லை. அழுத்தம் அளக்கும் கம்பியோடு ஒப்பிட்டபோது, அப்படி ஒடுங்கிய பல இடங்களில் குருதி போதுமான அளவு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பார்வையில், ஸ்டென்ட் எவ்வளவு பெரிசு, சரியாக விரிந்ததா எண்டு கேட்டால் இந்த ஒலியை நம்பலாம். ஸ்டென்ட் வேணுமா எண்டு அதைமட்டும் கேட்கக்கூடாது.

2018இல் வெளியான சீன ஆய்வொன்றில் 1448 பேர். ஒலியின் துணையோடு ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒரு வருடத்துக்குள் அந்த நாடியில் மறுபடி சிக்கல் வந்தது 2.9 வீதத்தினருக்கு. நிழல்படத்தை மட்டும் நம்பிய பக்கம் 5.4 வீதம். அந்த மெல்லிய குழாய் ஒருமுறை பாவிக்கத்தான் செய்யப்படுகிறது, விலையும் குறைவில்லை. மன்னாரிலிருந்து சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போகிற நோயாளிக்கு அது கிடைக்குமா என்பது வைத்தியக் கேள்வி மட்டுமல்ல.