சீனத்துத் துறைமுகத்தில் நம்ம ஈசன் கோயில்



யாத்திரைன்னா காசி, இராமேஸ்வரம், பழனி என்றுதான் நமக்கெல்லாம் பழக்கம். சீனாவுக்குப் போகிறவர்கள் பெய்ஜிங், ஷங்ஹாய் பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க. ஆனால் ஃபூஜியான் மாநிலத்தில் சுவான்ஜோ என்று ஒரு பெரிய துறைமுக நகரம் இருக்கு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்ம பக்கத்து வீட்டு ஹொக்கியன்காரர்கள் பலருடைய பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்தது அந்த வட்டாரத்திலிருந்துதான். அதே ஊரில் 700 வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம தமிழர்கள் சிவபெருமானுக்குக் கோயில் எழுப்பியிருக்காங்க.

சுற்றுலாக் குழு எதுவும் இதைக் காட்டுவதற்காகப் போவதாகத் தெரியலை. அதனால் தொண்டர்கள் நாங்கள் சில பேர் சேர்ந்து சொந்தமாகவே போய் வந்தோம். பார்த்ததையும் படித்ததையும் உங்களோடு பகிர்ந்துக்கிறோம்.

முதலில் வரலாறு. சோழர்களின் தூதுக்குழு 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனப் பேரரசரிடம் போயிருக்கு. சீன அரசுக் குறிப்புகளிலேயே இது பதிவாகியிருக்கு. தூதர்கள் மட்டுமில்லை, வணிகர்களும் போனாங்க. தென்மேற்குப் பருவக்காற்றில் புறப்பட்டு, நம்ம கடாரம், சுமத்ரா பக்கம் தங்கி, காற்றுப் பார்த்து மேலே போவாங்க. மிளகும் வாசனைப் பொருளும் அங்கே போகும். பட்டும் பீங்கானும் இங்கே வரும். மார்க்கோ போலோ ‘சைத்தூன்’ என்று வியந்து எழுதிய துறைமுகம் இந்த சுவான்ஜோதான்.

அங்கே குடியிருந்த தமிழர்கள் கல்வெட்டும் வைத்தார்கள். சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். அதாவது 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்த செய்தியைத் தமிழ் எழுத்தில் பொறித்திருக்காங்க. கீழே சீன எழுத்தும் இருக்கு. அப்போது ஆட்சி மங்கோலியர் குப்லாய் கானுடையது. கானின் அனுமதிப்படி, அவருடைய நலத்துக்காகவே இந்தத் திருப்பணி நடந்தது என்று கல்வெட்டு சொல்லுது. அந்நிய மண்ணில் கோயில் கட்டணும்னா அன்றைக்கும் அரசாங்க அனுமதி வாங்கித்தான் ஆகணும் பாருங்க!

இப்போ ஊரைச் சுற்றுவோம். சியாமென் நகரத்திலிருந்து அதிவேக ரயிலில் சுவான்ஜோ பக்கம்தான். பழைய நகரத்தை நடந்தே பார்த்துடலாம். மேற்குத் தெருவில் கையுவான் புத்தர் கோயில். 686-ல் தொடங்கியது. பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் போங்க, அங்கேதான் நாங்கள் அப்படியே நின்னுட்டோம். இரண்டு கல்தூண்களில் நரசிம்மர், இரட்டை மரங்களைச் சாய்க்கும் பாலகிருஷ்ணர், முதலை கவ்விய யானையைக் காக்க வரும் பெருமாள் என்று வட்ட வட்டமாகச் சிற்பம். மண்டபத்து முன்மேடையைச் சுற்றி மனித முகம், சிங்க உடலோடு 70-க்கும் மேற்பட்ட கற்பலகைகள். இடிந்துபோன நம்ம கோயிலின் கற்களை, மிங் அரசர் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது எடுத்து வைத்திருக்காங்க.

அதே வளாகத்தில் 1974-ல் கடலோரச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த பழைய மரக்கப்பலையும் காணலாம். அடித்தளத்தில் 13 அறைகள். உள்ளே மிளகும் வாசனைக் கட்டையும் கிடைத்ததாம். இன்னொரு பக்கம், 1009-ல் கட்டிய பள்ளிவாசல்; தெற்கே கடல் தெய்வம் மாஜுவின் கோயில். எல்லாம் ஒரே ஊரில்! 2021-ல் இந்த நகரத்தின் 22 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது.

கடல்சார் அருங்காட்சியகத்தையும் விட்டுடாதீங்க. யானை தாமரை எடுத்து லிங்கத்துக்குச் சாத்தும் சிற்பம் ஒன்று இருக்கு. பார்த்ததும் திருவானைக்கா நினைவுக்கு வரும்.

சரி, அந்தக் கோயில் என்ன ஆச்சு? 1357-லிருந்து 1366 வரை நகரத்தில் பெரிய கலகம். வெளிநாட்டு வணிகர் கூட்டம் சிதறிப்போச்சு. அடுத்து வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்தையே தடை செய்தது. கும்பிட ஆளில்லாத கோயிலின் கற்கள் ஊர் மதிலுக்கும் மற்றக் கட்டடங்களுக்கும் போயிடுச்சு. 20-ஆம் நூற்றாண்டில் பழைய மதிலை இடித்தபோதுதான் பல கற்கள் வெளியே வந்தன. அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் வூ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். அவர் தமிழரும் இல்லை, சைவரும் இல்லை. சேர்த்ததை நாட்டுக்கே கொடுத்து, 1957-ல் நூலாகவும் எழுதி வைத்தார். அவர் இல்லையென்றால் இந்தக் கதையில் பாதி நமக்குத் தெரியாது.

பக்கத்தில் சீடியன் என்ற கிராமம். அங்கே சின்ன மண்டபத்தில் நான்கு கை அம்மன் சிற்பம் ஒன்று, காலடியில் அசுரன். கிராமத்து மக்கள் குவான் யின் என்று சொல்லி இன்னமும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடறாங்க. பெயர் மாறினாலும் தாயாருக்குப் பூசை நிற்கலை.

இதில் நமக்கு ஒரு சேதி இருக்குங்க. கல் நிலைக்கும், ஆனால் கதை தானாக நிலைக்காது. அங்கே தினமும் பூசை செய்தவர் யார், திருவிழா எப்படி நடந்தது, எந்தக் குடும்பம் நெய் கொடுத்தது, ஒன்றுமே இன்றைக்கு இல்லை. ஒரே ஒரு பெயர் கல்லில் தங்கியிருக்கு. நம்ம ஊரிலும் தோட்டத்தோடு சேர்ந்து போன கோயில்கள் எத்தனை! அங்கே மணி அடித்த பெரியவர்களின் பெயர் எங்கேயாவது எழுதியிருக்கா?

ஆகவே அன்பர்களே, வீட்டில் பழைய கும்பாபிஷேகப் படம், திருவிழா அழைப்பிதழ், ரசீது புத்தகம், எதுவாக இருந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க. கோயிலுக்குக் கொண்டு வாங்க, நகல் எடுத்துத் திருப்பித் தந்துடுவோம். தாத்தா பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்க. படத்தின் பின்னால் பெயரும் வருஷமும் எழுதினாலே பெரிய திருப்பணிதான்.

திருச்சிற்றம்பலம்.