சுடுகாட்டுப் பூவும் ஆய்வக எலிகளும்

வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கம் வேலியோரங்களில் ரோஸ் நிறத்திலும் வெள்ளையிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியை யாரும் நின்று பார்ப்பதில்லை. சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்குபவர்களும் உண்டு. ஆடு மாடுகூட வாய் வைக்காத கசப்பு! இதன் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு.

பல நாடுகளில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடித்து வந்தார்கள். 1952-இல் ஜமைக்காவிலிருந்து 25 இலைகள் தபாலில் கனடாவுக்கு வந்தன. ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் கஷாயத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவே இல்லை. சாற்றை ஊசி வழியாகச் செலுத்தியபோது எலிகள் கிருமித் தொற்றால் இறந்தன. வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். அவரோ ஏன் இறந்தன என்று பார்த்தார். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அப்படியானால், வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமே!

வேதியியலாளர் சார்லஸ் பீர் அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க, 1958-இல் வின்பிளாஸ்டின் உலகுக்குத் தெரிந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் எலி இரத்தப் புற்றுநோயை வைத்து நடந்த சோதனைகள் வின்கிரிஸ்டினில் போய் முடிந்தன. 1963-இல் அது மருந்தானது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் அதற்கு இடம் உண்டு.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுப்பவை டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல்கள். இந்த மருந்துகள் டியூபுலினைப் பிடித்துக்கொள்வதால் குழல் உருவாகாது, பிரிவு பாதியில் நிற்கும். இதனால் நோயாளிக்கு மட்டுமல்ல, ஆய்வகத்துக்கும் இவை பயன்பட்டன. ஓடும் கடிகாரத்தை நிறுத்தி உள்ளே பார்ப்பது போல, செல்பிரிவை நிறுத்திப் பார்க்கலாம். வின்பிளாஸ்டினை அதிக அளவில் சேர்த்தால் டியூபுலின் படிகமாகவே திரண்டுவிடும் என்பதை 1960களின் இறுதியில் கண்டார்கள்.

சிக்கல் வேறிடத்தில். திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கங்களில் மானாவாரிப் பயிராகவும் நித்தியகல்யாணி விளைகிறது. ஆனால் 1 கிராம் மருந்துக்கே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை. 2019-இல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்து, பிள்ளைகளின் பெற்றோர் தவித்துப் போனார்கள். 2022-இல் விஞ்ஞானிகள், வின்பிளாஸ்டினை உருவாக்கத் தேவையான இரு மூலப்பொருள்களையும் ஈஸ்டிலேயே தயாரித்துக் காட்டினார்கள். அதற்காக ஈஸ்டுக்குள் அவர்கள் வைத்த மரபணுக்களில் பல, இதே சுடுகாட்டுப் பூவினுடையவை.