பைப் இல்லாத பாண்டும் தடைசெய்யப்பட்ட பாவாடையும்

எங்கட பள்ளிக்கூட பாண்டில பாக்பைப் இருந்ததில்லை. ஆனா பாக்பைப்காரன்ர உடுப்பு இருந்தது. கிளிநொச்சியில இல்ல மெய்வல்லுநர் போட்டி நடக்கிற மாசி வெயிலுக்குள்ள, சிவப்புக் கட்டம் போட்ட கொசுவப் பாவாடை, முழங்கால் வரைக்கும் வெள்ளை மேசு, தோளில குத்தின ஒரு துண்டு. பிரதம விருந்தினருக்கு முன்னால மேளம் அடிச்சுக்கொண்டு போவம். இந்த உடுப்பு எங்கயிருந்து வந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நானும்தான்.

போன வருசம் கிளாஸ்கோவில இருக்கிற மாமாட மகன் கேட்டபடியால்தான் தேடினன். அவன் பைப் ஊதப் பழகி, இப்ப ஆக்கள் கூப்பிடுற அளவுக்கு வந்திட்டான். கலியாணவீடு, செத்தவீடு, ஊர்வலம், பொங்கல் விழா எல்லாத்துக்கும் ஒத்துவாற மாதிரி ஒரே ஒரு உடுப்பு வாங்கத்தான் காசு இருக்கு. "எதை எடுக்க, அக்கா?" எண்டு படங்களா அனுப்பினான்.

மேல்சட்டை லேசாத் தீர்ந்தது. இரவு விருந்துக்குப் போடுற பளபளப்பான குட்டைக் கோட்டு பகல்ல எடுபடாது. ஊர்வலத்துக்குப் போடுற தடிச்ச டப்ளட் மண்டபத்துக்குள்ள அவிச்சுப்போடும். ஆர்கைல் எண்ட சாதாரண கறுத்தக் கோட்டு ரெண்டுக்கும் போகும். வெக்கையெண்டால் அதைக் கழட்டிப்போட்டு வெயிஸ்ற்கோட்டோட ஊதலாம், கையும் லேசா அசையும். தோள் துண்டு வேண்டாமெண்டன். பைப்பின்ர காத்துப்பை இடக் கைக்குள்ள இருக்கும், நீட்டுக் குழல்கள் இடத் தோளில சாயும். துண்டு குத்திறதும் அதே தோளிலதான். தலைக்கு ஒரு கிளென்கரித் தொப்பி போதும்.

கில்ற்றின்ர துணியிலதான் பிரச்சினை வந்தது. குடும்பத்துக்கு ஒரு கட்டம் எண்டு சொல்லுவினம். அவனுக்கு அங்க குடும்பப்பேர் இல்லை. கடைக்காரர் 'பிளாக் வோச்' எண்ட கடும்பச்சை, நீலக் கட்டத்தைக் காட்டி, இது ஆரும் கட்டலாம் எண்டாராம். அதுக்கு இன்னொரு பேர் 'அரசாங்க டார்ட்டன்'. இந்தப் பேருக்குப் பின்னால ஒரு கதை இருக்கு.

1746 ஏப்ரல் 16ஆம் திகதி கலோடன் வெளியில, லண்டன் அரசருக்கு எதிரா எழும்பின ஸ்கொட்லாந்துப் படை ஒரு மணித்தியாலம்கூட நிண்டுபிடிக்காமல் தோத்துப்போச்சு. அந்த வருசமே பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஸ்கொட்லாந்தில ஆம்பிளையளும் பெடியங்களும் ஹைலாண்ட் எண்டுற வடக்கு மலைப்பகுதியின்ர கில்ற் கட்டக்கூடாது, போர்வைத் துண்டு போடக்கூடாது, டார்ட்டன் துணியில மேற்சட்டை தைக்கக்கூடாது. முதல்தரம் பிடிபட்டால் 6 மாதம் மறியல். ரெண்டாம்தரம் எண்டால் 7 வருசம் கடல் தாண்டி நாடுகடத்தல். ஒரேயொரு விலக்கு: அரசற்ற பட்டாளத்தில சேர்ந்தவன் கட்டலாம். தோத்த சனத்தின்ர உடுப்பை, வெண்டவன்ர சீருடையா மட்டும் கட்டலாம். வன்னியில இருந்து இதை வாசிக்கிற ஆக்களுக்கு நான் மேல விளக்கத் தேவையில்லை.

பைப்பையும் தடைசெய்தவை எண்டு கனபேர் எழுதினம். சட்டத்தில அந்தச் சொல்லே இல்லை. ஆனா ஜேம்ஸ் ரீட் எண்ட பைப்காரனை 1746 நவம்பரில யோர்க் நகரத்தில தூக்கில போட்டவை. தான் ஆயுதமே தூக்கேல்லை, ஊதினது மட்டும்தான் எண்டு அவன் சொன்னான். பைப் இல்லாமல் ஹைலாண்ட் படை நடக்கிறதில்லை, ஆனபடியால் அதுவும் ஒரு போர்க்கருவி எண்டு நீதிமன்றம் சொல்லிப்போட்டுது.

அதே பைப் முப்பத்தஞ்சு வருசத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில கேட்டது. 1781 ஜூலை 1ஆம் திகதி, பரங்கிப்பேட்டையில ஹைதர் அலிக்கு எதிரான சண்டை. சேர் அயர் கூட்டின்ர படையில 73ஆவது ஹைலாண்டர் ரெஜிமென்ற் நிண்டது. அதைத் திரட்டின மக்லியோட் பிரபு, இளந்தாரியா இருக்கேக்க அந்தக் கிளர்ச்சியில சேர்ந்து பிடிபட்டு மன்னிப்பு வாங்கின ஆள். சண்டைக்குள்ள பைப் ஊதினதைக் கேட்டு மகிழ்ந்த கூட், வெள்ளியில பைப் செய்ய 50 பவுண்ஸ் குடுத்தார் எண்டு ரெஜிமென்ற் வரலாறு சொல்லுது. அண்டைக்கும் ஊரில உடுப்புத்தடை இருந்தது. சரியா ஒரு வருசம் கழிச்சு, 1782 ஜூலை 1ஆம் திகதிதான் தடைச் சட்டம் நீங்கினது.

பிறகு நடந்தது பகிடி. 1822இல நாலாம் ஜோர்ஜ் எடின்பரோவுக்கு வரேக்க, நாவலாசிரியர் வோல்டர் ஸ்கொட் ஒழுங்குபடுத்தின வரவேற்பில அரசரே கில்ற் கட்டி, உள்ளுக்கு ரோஸ் நிறக் காலுறையோட நிண்டார். தடைசெய்த உடுப்பு அரண்மனை உடுப்பாயிட்டுது. பட்டாளங்களோட அது இந்தியாவுக்கும் வந்து, அங்கத்தைப் படையளின்ர பைப்காரர் காற்சட்டைக்கு மேல கட்டத் துண்டைத் தோளில போடத் தொடங்கிச்சினம். எங்கட பாண்ட் பாவாடையும் அந்த வழியிலதான் எங்கயோ வந்து சேர்ந்திருக்கவேணும்.

பிளாக் வோச் அந்தப் பட்டாளத் துணிதான். எடுக்காத எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லாமல் இருக்கவும் முடியேல்லை. கதையை முழுக்க எழுதி அனுப்பினன். டார்ட்டனுக்கு இப்ப ஒரு அரச பதிவேடு இருக்கு, ஆரும் புதுக் கட்டம் வரைஞ்சு பதியலாம். அது திறந்தது 2009 பெப்ரவரியில. அந்த மாசம் நாங்கள் எங்க இருந்தனாங்கள் எண்டது அவனுக்கும் தெரியும்.

ரெண்டு கிழமை பதில் இல்லை. பிறகு ஒரு படம் வந்தது: கறுத்த ஆர்கைல், கடும் சாம்பல் மேசு, மண்ணிறமும் கறுப்பும் கலந்த ஒரு கட்டம், எந்தக் குடும்பத்துக்கும் எந்தப் படைக்கும் சேராதது. அம்மா போனை வாங்கிக் கன நேரம் பாத்தா.

"நல்லாத்தான் இருக்கு. உங்கட அப்பப்பாட சாரம் மாதிரி."