பாம் பைலட்டின் எழுத்தும் எழுத்தாணியும்

எழுதப்படும் பொருள் எழுத்தின் வடிவை மாற்றும் என்பது சுவடிகளோடு பழகியவர்கள் அறிந்ததே. ஓலை கிழியுமென்று மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிட்டு எழுதினர் நம் முன்னோர். படிப்பவர் இடமறிந்து அதைச் சேர்த்துக்கொண்டார். அத்தகைய மாற்றமொன்று நம் காலத்தில், கலிஃபோர்னியாவில், ஒரு கையடக்கக் கணினியின் பொருட்டு நிகழ்ந்தது. அதன் இயங்குதளத்திற்குப் பாம் ஓஎஸ் என்று பெயர். இங்கே 'பாம்' பனையைக் குறிக்கவில்லை, உள்ளங்கையைக் குறிக்கிறது.

1993இல் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் என்னும் கருவியை வெளியிட்டது. மனிதர் இயல்பாக எழுதும் கையெழுத்தை அதுவே படித்தறியும் என்றார்கள். அது தவறாகப் படித்தது. 'டூன்ஸ்பரி' கேலிச்சித்திரத் தொடர் அதை நகைப்புக்குரியதாக்கியது. பாம் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் பங்குகொண்ட ஜூமர் என்ற கருவியும் அதே ஆண்டில் வந்து தோற்றது.

ஹாக்கின்ஸ் வழியை மாற்றினார். இயந்திரம் எல்லார் கையெழுத்தையும் கற்பதைவிட, மனிதர் இயந்திரத்துக்காகச் சிறிது வளைந்து கொடுப்பது எளிது என்று கருதினார். அவ்வாறு பிறந்ததே கிராஃபிட்டி. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே கோடு. குறுக்குக் கோடில்லாத கூரைபோல் வரைந்தால் ஆங்கில 'ஏ'. மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தால் 'ஐ'. திரையின் கீழே இடப்பக்கம் எழுத்துகளுக்கும் வலப்பக்கம் எண்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

கருவியின் அளவை முடிவுசெய்ய, சட்டைப்பையில் அடங்கும் மரத்துண்டொன்றைச் சுமந்து திரிந்து, அதில் எழுதுவதுபோல் பாவனை செய்து பார்த்தாராம் ஹாக்கின்ஸ். 1996இல் பைலட் 1000 வெளிவந்தது. நினைவகம் 128 கிலோபைட். விலை 299 டாலர். இரண்டு சிறு மின்கலங்களில் வாரக்கணக்கில் இயங்கியது. மக்கள் புதிய எழுத்தைக் கற்பார்களா என்ற ஐயமும் நீங்கியது. ஐந்து நிமிடப் பயிற்சியிலேயே 97 விழுக்காடு பிழையின்றி எழுதினர் என்றும், ஒரு வாரம் கழித்தும் அத்திறன் குறையவில்லை என்றும் 1997இல் கனடாவில் ஸ்காட் மெக்கென்ஸியும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

அதே 1997இல் ஜெராக்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அதன் ஆய்வுக்கூடத்தில் டேவிட் கோல்ட்பர்க் உருவாக்கிய 'யூனிஸ்ட்ரோக்ஸ்' என்னும் ஒற்றைக்கோட்டு எழுத்துமுறைக்கு அவ்வாண்டில்தான் காப்புரிமை கிடைத்திருந்தது. 2001இல் தீர்ப்பு பாம் நிறுவனத்துக்கு எதிராக வந்தது. 2003இல் கிராஃபிட்டியைக் கைவிட்டு, கிராஃபிட்டி 2 என்ற வேறு முறைக்கு மாறினார்கள். அதில் பழைய 'ஐ'யை எழுதினால் 'எல்' வந்தது; மேலே புள்ளியிட்டால்தான் 'ஐ'. ஏழாண்டுகளாகக் கையில் ஊறிய பழக்கம் ஒரே பதிப்பில் பிழையாகிவிட்டது. பிறகு 2004இல் கீழ்நீதிமன்றம் அக்காப்புரிமை செல்லாது என்றது. 2006இல் மேல்நீதிமன்றம் அதை மாற்றியது. அவ்வாண்டிலேயே பாம் 2.25 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

அதற்குள் எழுத்தாணியின் காலமே மங்கத் தொடங்கியிருந்தது. ஹாக்கின்ஸ் பின்னர் தொடங்கிய ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனத்தின் ட்ரியோ பேசிகள் 2002 முதல் சிறு விசைப்பலகையோடு வந்தன. 2007இல் ஐஃபோன் எழுத்தாணியை வேண்டாமென்றது. 2009இல் பாம் வெப்ஓஎஸ் என்ற புதிய தளத்துக்கு மாறியது. மறு ஆண்டு எச்பி நிறுவனம் பாமை வாங்கி, 2011இல் அக்கருவிகளையும் நிறுத்தியது.

இவ்வரலாற்றில் நம்மைச் சிந்திக்க வைப்பது ஒன்று. வட்டெழுத்து பல நூற்றாண்டுகள் புழங்கி, மெல்லத் தேய்ந்து வழக்கொழிந்தது. கிராஃபிட்டியோ, எழுதும் கைகள் உயிரோடிருக்கையிலேயே உரிமைப் பூசலால் விலக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் உடைமையான எழுத்தைக் கற்பவர், எழுதும் திறனையும் அந்நிறுவனத்திடமே அடகு வைக்கிறார். 2010இல் பழைய கிராஃபிட்டி ஆண்ட்ராய்டு பேசிகளுக்கான செயலியாக மீண்டும் வந்தது. அக்கைகள் அதை மறந்திருக்கவில்லை.