காவல்காரனும் பங்காளியும்

ஓசூர் என்றதும் சிப்காட்டும் லாரி வரிசையும்தான் ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் உள்ளே போனால் ரோஜாக் குடில்கள், தக்காளி, கோஸ் தோட்டங்கள். வேரழுகல் நோய்க்கு விவசாயி கையில் ஒரு பாக்கெட் உண்டு: டிரைக்கோடெர்மா விரிடி. பேர்தான் மிரட்டும். ஆள் ஒரு பச்சைப் பூசணம், அவ்வளவுதான்! கிலோ விதைக்கு 4 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு.

பூசணத்தைப் பூசணத்தாலேயே அடிப்பது எப்படி? கதை 1811-ல் பிரான்சின் நான்ஸி நகரில் தொடங்குகிறது. அங்கே பிராக்கொனோ என்ற விஞ்ஞானி, காளானைக் காரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தார். எல்லாம் கரைந்தும் ஒரு பொருள் மட்டும் கரைய மறுத்தது. 1823-ல் ஓதியே என்பவர் வண்டின் ஓட்டிலும் அதைக் கண்டுபிடித்து ‘கைட்டின்’ என்று பேர் வைத்தார். இறால் ஓடும் அதுதான். காளானும் பூசண வம்சம். அதன் செல் சுவருக்குக் கைட்டின்தான் கம்பி, குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி சிமென்ட்.

1932-ல் அமெரிக்காவில் வெயின்ட்லிங், டிரைக்கோடெர்மா இன்னொரு பூசணத்தின் இழையைச் சுற்றி வளைத்துக் கொல்வதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அதன் ஆயுதங்கள் என்சைம்கள் என்பது பின்னால் தெரிந்தது. கைட்டினேஸ் கம்பியை வெட்டும், குளுக்கனேஸ் சிமென்ட்டைக் கரைக்கும். ரோஜாச் செடியில் கைட்டினே கிடையாது. அதனால் அந்தக் கத்திக்கு அங்கே வேலையில்லை.

ஆனால் காளான் குடிலில்?

1985-ல் வட அயர்லாந்தில் மொட்டுக் காளான் படுக்கைகள் திடீரென்று பச்சை பூத்தன. விளைச்சல் படுத்தது. அடுத்த பத்தாண்டில் வட அமெரிக்காவிலும் இதே கூத்து. குற்றவாளி டிரைக்கோடெர்மா! தோட்டத்துக்குக் காவல் வைத்தவனே கன்னம் வைத்துவிட்டானோ என்று சந்தேகம் கிளம்பியது.

1994-ல் அந்த பிரிட்டிஷ் தீவுகளின் பூசணங்களை டி.என்.ஏ. வைத்துப் பிரித்துக்காட்டிய ஆய்வுக் கட்டுரை வந்தது. அதில் முதல் பெயர் எஸ். முத்துமீனாட்சி. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்! பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் காளானை அழித்தது தனிப் பிரிவு என்று தெரிந்தது. பாக்கெட்டில் விற்கும் ரகங்கள் வேறு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் சொல்லின. 2002-ல் குற்றவாளிக்குத் தனிப் பெயரே வைத்தார்கள்: டிரைக்கோடெர்மா அக்ரசிவம். காவல்காரன் நிரபராதி, செய்தது பங்காளி.

அதற்காக அசட்டையாக இருக்க முடியாது. கிருஷ்ணகிரிப் பக்கம் வைக்கோல் படுக்கையில் சிப்பிக் காளான் வளர்க்கிறவர்களுக்கும் பச்சைப் பூசணம் பகைதான். வைக்கோல் சரியாக வேகாவிட்டால் முதலில் குடியேறுவது அதுதான். போட்ட முதலும் போய், வித்தும் போய், மூட்டையைக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான்.

தோட்டத்தில் டிரைக்கோடெர்மா தூவுங்கள், தப்பில்லை. அதே கையோடு காளான் குடிலுக்குள் மட்டும் போகாதீர்கள். கைகால் கழுவி, துணி மாற்றிக்கொண்டு போங்கள்.